வெள்ளம் வடிந்த பின் ஒரு தச்சுப் பட்டறை



நம் நாட்டில் வரிசை வீடுகளில் வாழ்கிற பலருடைய வீட்டின் பின்புறத்தில் ஒரு மூலை உண்டு. சமையலறைக்கு அப்பால், தகரச் சாய்ப்பின் கீழ், பழைய மிதிவண்டியும் சாயம் வற்றிய வாளிகளும் கிடக்கும் மூலை அது. அதைச் சிலர் ஒழுங்குபடுத்தி, ஒரு வேலை மேசையைப் போட்டு, ஆணியில் ஒரு ரம்பத்தைத் தொங்கவிட்டுத் தச்சுப் பட்டறை ஆக்கிக்கொள்கிறார்கள். முதலில் ஒரு புத்தக அடுக்கு செய்வார்கள். பிறகு சாமி மேடை. அதன் பின் அண்டை வீட்டார் கதவு இறுகிப்போனால் இவர்களைத்தான் அழைப்பார்கள்.

இன்று அத்தகைய வீட்டுப் பட்டறை ஒன்றைப் பற்றிப் பேச எண்ணுகிறோம். புதிதாக அமைப்பதைப் பற்றி அல்ல. அழிந்துபோன ஒன்றை மீண்டும் எடுத்துக் கட்டி, அதை ஒருவாறு முடித்ததைப் பற்றி.

2021ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18ஆம் நாள்களில் சிலாங்கூரில் கொட்டிய மழையை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு மாதத்தில் பெய்யக்கூடிய மழை ஏறத்தாழ ஒரே நாளில் பெய்தது. ஷா ஆலமிலும் கிள்ளானிலும் உலு லங்காட்டிலும் மக்கள் மாடியிலும் கூரையிலும் நின்று படகுக்காகக் காத்திருந்தார்கள். எங்கள் வீட்டுப் பின்புறத்தில் தண்ணீர் 112 சென்டிமீட்டர் உயரத்துக்கு நின்றது. இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், சுவரில் சேறு வரைந்துவிட்டுப் போன கோடுதான். சுவருக்கு இரண்டு முறை வெள்ளையடித்தும் அந்தக் கோட்டை நாங்கள் அழிக்கவில்லை. அதன் காரணத்தைப் பிறகு சொல்கிறோம்.

கோட்டுக்குக் கீழே இருந்தவை இவை: மேசை ரம்பம் ஒன்று, துளையிடும் இயந்திரம் ஒன்று, ஐந்தாறு ஆண்டுகளாகச் சேர்த்த பலகைகள், ஒரு மரப்பெட்டி. இயந்திரங்களைவிட அந்தப் பெட்டிதான் எங்களை வருத்தியது. எங்கள் தாமானில் முதியவர் ஒருவர் இருக்கிறார். ரப்பர்த் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தச்சராக இருந்தவர். நாங்கள் அவரை ஆசாரித் தாத்தா என்று அழைப்பதே வழக்கம். கண் மங்கிய பிறகு, தம் உளிகளையும் இழைப்புளிகளையும் பெட்டியோடு எங்களிடம் கொடுத்திருந்தார். விற்றிருந்தால் அவருக்கு நல்ல காசு கிடைத்திருக்கும். வேலை செய்கிறவர்கள் கையில் இருக்கட்டும் என்று சும்மா கொடுத்தார். அந்தப் பெட்டி இப்போது சேற்றுக்குள்.

மூன்றாம் நாள் அவரே வந்து பார்த்தார். "தாத்தா, பெட்டியைக் காப்பாற்ற முடியவில்லை" என்றோம்.

"பெட்டி போனால் பெட்டி செய்துகொள்ளலாம் தம்பி. இரும்பு சேற்றுக்குள்ளே கிடக்கிறவரைக்கும் அவ்வளவாகக் கெடாது. எடுத்து வெளியே போட்டாயானால் ஒரே ராத்திரியில் கெட்டுப்போகும். எல்லாவற்றையும் ஒரேயடியாக வாரி வெளியே கொட்டாதே. ஒன்றை எடு, கழுவு, துடை, எண்ணெய் போடு. அப்புறம் அடுத்ததை எடு" என்றார்.

இதில் அறிவியல் இருக்கிறது. இரும்பு துருப்பிடிக்க நீரும் வேண்டும், காற்றிலுள்ள பிராணவாயுவும் வேண்டும். கெட்டியான சேற்றுக்குள் பிராணவாயு மிகக் குறைவு. ஈரத்தோடு வெளியே எடுத்து வைத்தால் இரண்டும் ஒன்று சேர்கின்றன. காற்றின் சார்பு ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினாலே இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும் என்பார்கள். நம் நாட்டிலோ ஆண்டு முழுவதும் அது 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. ஆகவே நாங்கள் அவர் சொன்னபடியே செய்தோம். இரண்டு வாளி நல்ல தண்ணீர், ஒரு பழைய பல்துலக்கி, துணி, எண்ணெய். ஏற்கெனவே துரு ஏறியவற்றை ஓர் இரவு காடியில் ஊறவைத்து, எஃகுப் பஞ்சால் தேய்த்து, சோடா மாவு கரைத்த நீரில் அலசி உடனே உலர்த்தினோம். சோடா நீரில் அலசுவதை விட்டுவிடக் கூடாது. காடியின் புளிப்பு இரும்பில் தங்கிவிட்டால் மறுநாளே புதிய துரு படரும். 19 உளிகளில் 17 பிழைத்தன. பெட்டி பிழைக்கவில்லை. அதன் ஒட்டுகள் எல்லாம் விட்டுப்போயிருந்தன.

ஒரு சிறு எச்சரிக்கை. வெள்ளச் சேற்றில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். அதனால் எலிக் காய்ச்சல் பரவும். காலில் புண் இருப்பவர்கள் அதில் இறங்கவே கூடாது. மற்றவர்களும் ரப்பர்க் காலணியும் கையுறையும் இன்றி இறங்க வேண்டாம்.

இயந்திரங்களின் விஷயத்தில் எங்கள் அவசரமே எங்களைக் கெடுத்தது. மேசை ரம்பத்தைக் கழுவி ஐந்து நாள் காய வைத்தோம். வெளியே தொட்டுப் பார்த்தால் நன்றாக உலர்ந்திருந்தது. மின்சாரம் கொடுத்தோம். இரண்டு சுற்றுச் சுற்றியது, கருகல் வாடை வந்தது, அத்தோடு முடிந்தது. உள்ளே செம்புச் சுருளுக்கு இடையில் சேறும் ஈரமும் இருந்திருக்கின்றன. துளையிடும் இயந்திரத்தை மட்டும் மின்சாரம் காட்டாமல் மோட்டாருக்குச் சுருள் சுற்றித் தரும் கடைக்கு எடுத்துச் சென்றோம். அவர்கள் மோட்டாரைப் பிரித்து, நல்ல நீரில் கழுவி, மிதமான சூட்டில் உலர்த்தி, மின்காப்பைக் கருவி வைத்துச் சோதித்து, பேரிங்கை மாற்றிக் கொடுத்தார்கள். அது இன்றும் ஓடுகிறது. நனைந்த மோட்டாரை வீட்டில் யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம். மோட்டார் போவதோடு நிற்காமல் ஆளையும் கொண்டுபோய்விடலாம்.

பலகைகளில் மரத்தூள் அட்டைகள் அப்பம்போல் உப்பி உதிர்ந்தன. ஒட்டுப்பலகை தாள் தாளாகப் பிரிந்தது. உண்மையான மரம் மட்டும் தப்பியது. மரம் நனைவதால் கெடுவதில்லை. நனைந்ததை வெயிலில் போட்டு விரைவாக உலர்த்துவதால்தான் கெடுகிறது. மேல்புறம் சுருங்கி, உள்புறம் சுருங்காமல், பலகை வெடித்து முறுக்கிக்கொள்ளும். நாங்கள் மெராந்திப் பலகைகளை நிழலில், ஒன்றின்மேல் ஒன்றாக, இடையிடையே விரல் பருமனுள்ள சட்டங்களை வைத்து அடுக்கினோம். சட்டங்கள் மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில் வரவேண்டும். முனைகளில் கனமாகச் சாயம் பூசினோம், ஏனெனில் முனை வழியேதான் ஈரம் விரைந்து வெளியேறும். உச்சியில் கல்லைப் பாரமாக வைத்தோம். நான்கு மாதம் தொடவில்லை.

அந்த நான்கு மாதங்களில் வீட்டில் ஒரு பேச்சு எழுந்தது. இனி இது வேண்டுமா? தம்பி கேட்டான்: "மறுபடியும் வெள்ளம் வராது என்று யார் உறுதி சொல்வது? இந்தச் செலவில் வேண்டிய தட்டுமுட்டுச் சாமான்களைக் கடையில் வாங்கிவிடலாமே?" அவன் கேட்டது நியாயமே. வீட்டுப் பட்டறையால் பணம் மிச்சமாகும் என்று சொல்கிறவர்களை நாங்கள் நம்புவதில்லை. செய்த மேசைகளின் விலையையும் வாங்கிய கருவிகளின் விலையையும் எழுதிக் கூட்டிப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். நாங்கள் இறுதியில் ஒப்புக்கொண்ட காரணம் வேறு. ஆசாரித் தாத்தா வாரம் ஒருமுறை வந்து, வெறும் சாய்ப்பின் கீழ் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டுப் போனார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

கட்டுவதென்று முடிவானதும், முதல்முறை செய்த தவற்றை எண்ணிப் பார்த்தோம். முன்பு நாங்கள் இயந்திரங்களை முதலில் வாங்கினோம். பிறகு அவற்றுக்கு இடம் தேடினோம். அதனால் மேசை ரம்பத்தின் முன்னால் நீளப் பலகை தள்ள இடமில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தெருப்பக்கம் தள்ள வேண்டியிருந்தது. இம்முறை இடத்தை முதலில் முடிப்பது, கருவிகள் பிறகு என்று முடிவு செய்தோம். சாய்ப்பை நீட்டுவதற்கு நகராண்மைக் கழகத்தின் அனுமதியைப் பெற்றோம். அதற்குச் சற்றுப் பொறுமை வேண்டும். அனுமதியில்லாமல் நீட்டிவிட்டுப் பின்னர் இடிக்க நேர்ந்தவர்களைப் பார்த்திருப்பதால் பொறுத்துக்கொண்டோம்.

நம் நாட்டில் பட்டறைக்குப் பகை நீர்தான். அது வெள்ளமாக எப்போதோ ஒருமுறை வருகிறது. சாரலாகவும் ஈரக் காற்றாகவும் நாள்தோறும் வருகிறது. அந்த ஈரத்தை நாடிக் கறையான் வருகிறது. வெளிநாட்டு நூல்களில் பட்டறையை எப்படிச் சூடாக வைத்திருப்பது என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். அந்தப் பக்கங்களை நாம் தாண்டிப் போகலாம்.

தரையை 15 சென்டிமீட்டர் உயர்த்திச் சிமெண்டு போட்டு, வாசல் பக்கம் சற்றுச் சரிவு கொடுத்தோம். 112 சென்டிமீட்டர் வெள்ளத்தை இது தடுக்காது. ஆனால் கணுக்கால் அளவு வரும் சாதாரண மழைநீரைத் தடுக்கும். சிமெண்டு போடுமுன் மண்ணிலிருந்த பழைய வேர்களையும், கட்டடம் கட்டியபோது புதைந்துபோன பலகைத் துண்டுகளையும் தோண்டி எடுத்தோம். கறையானுக்கு அவைதான் சத்திரம். பூச்சித் தடுப்புத் தொழிலுக்கு உரிமம் பெற்றவர்களைக் கொண்டு மண்ணுக்கு மருந்திட்டோம். அதைவிட முக்கியமான ஒன்று செலவில்லாதது. அலமாரியையோ வேலை மேசையையோ சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு கை நுழையும் இடைவெளி விடுங்கள். கறையான் வெளிச்சத்தில் நடமாடாது. மண்ணால் குழாய்போல் வழி கட்டிக்கொண்டுதான் ஏறும். இடைவெளி இருந்தால் அந்தக் குழாய் கண்ணில் படும். எங்கள் பழைய அலமாரி சுவரோடு ஒட்டியிருந்தது. வெள்ளத்துக்குப் பின் நகர்த்திப் பார்த்தபோதுதான் அதன் முதுகுப்பலகை வெறும் காகிதமாக நிற்பது தெரிந்தது. அந்த வேலையைக் கறையான் வெள்ளத்துக்கு முன்பே முடித்துவிட்டிருந்தது.

கூரைத் தகரத்தின் கீழ் வெப்பம் தடுக்கும் வெள்ளித்தாள் விரித்தோம். சுவரின் உச்சியில் இரண்டு பக்கமும் வலையடித்த திறப்புகள் விட்டோம். சூடான காற்று மேலே போய் வெளியேறும். கீழே குளிர்ந்த காற்று வரும். தொடக்கத்தில் சாரலுக்குப் பயந்து முன்பக்கத்தைப் பலகையால் முழுக்க அடைத்திருந்தோம். ஒரே மாதத்தில் இழைப்புளியின் கைப்பிடியில் பூஞ்சை பூத்தது. பலகையைக் கழற்றிவிட்டு, கூரையை இன்னும் மூன்றடி வெளியே நீட்டினோம். சாரலைக் கூரையின் நீட்டத்தால்தான் தடுக்க வேண்டும். அடைத்துத் தடுத்தால் ஈரம் உள்ளேயே குடியிருக்கும்.

இனி மின்சாரம். இங்கேதான் சுவரிலிருந்த சேற்றுக் கோடு பயன்பட்டது. முன்பு செருகுமாடங்கள் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் இருந்தன. இப்போது எல்லாமே 150 சென்டிமீட்டருக்கு மேலே. கம்பிகள் கூரையிலிருந்து கீழ்நோக்கி இறங்குகின்றன. தரையிலிருந்து மேலே ஏறுவதில்லை. இதில் எதிர்பாராத ஒரு நன்மையும் கிடைத்தது. சுவரில் சாய்த்து வைக்கும் பலகைகள் செருகுமாடத்தை மறைப்பதில்லை.

பட்டறைக்குத் தனி மின்சுற்று போடச் சொன்னோம். சிறு கணக்கு ஒன்றைக் கேளுங்கள். 1500 வாட் மேசை ரம்பம் 230 வோல்ட்டில் ஏறக்குறைய ஆறரை ஆம்பியர் இழுக்கும். அதோடு தூசு உறிஞ்சும் 1200 வாட் இயந்திரம் ஓடினால் இன்னும் ஐந்து ஆம்பியருக்குச் சற்று மேல். இரண்டையும் ஒரே நீட்டுக் கம்பியில் செருகினால் பதினொன்றரை ஆம்பியரைத் தாண்டிவிடுகிறது. நம் செருகியின் எல்லை 13 ஆம்பியர். மோட்டார் கிளம்பும் நொடியில் இழுப்பது இதைப்போல் பல மடங்கு. நீட்டுக் கம்பி சுடுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. இன்னொன்று, மின்கசிவைக் கண்டால் உடனே துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் காப்புக் கருவி. ஈரக் காலோடு நின்று வேலை செய்கிற நாட்டில் அது இல்லாத பட்டறையில் நாங்கள் நுழைய மாட்டோம். இவற்றையெல்லாம் எரிசக்தி ஆணையத்தில் பதிந்த மின்கம்பியாளர்தான் செய்ய வேண்டும். தச்சு தெரிந்தவர்களுக்கு மின்சாரமும் தெரியும் என்ற எண்ணம் ஆண்களிடம் எப்படியோ வந்துவிடுகிறது.

தூசைப் பற்றி ஒரு வார்த்தை. மரத்தூள்தானே, மண்ணைவிடச் சுத்தம் என்று நம் பெரியவர்கள் எண்ணினார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995இல் மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதற்பிரிவில் வைத்தது. மூக்கின் உட்பகுதியில் வரும் புற்றுநோயே அதில் முதன்மை. கண்ணுக்குத் தெரிகிற சுருளும் தூளும் கீழே விழுந்துவிடும். தெரியாத நுண்தூசிதான் நெஞ்சுக்குள் போகும். ஆகவே தூசு உறிஞ்சியை இயந்திரத்தின் வாயிலேயே பொருத்தினோம். மின்விசிறியை உள்நோக்கி வைக்காமல், முதுகுப் பக்கத்திலிருந்து காற்று வந்து தூசை வெளியே தள்ளும்படி வைத்தோம். உப்புத்தாள் தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம். கைத்துண்டு கட்டிக்கொள்வது போதாது.

வெளியே தள்ளுகிறோமே, அது எங்கே போகிறது? பக்கத்து வீட்டுக்கு! அங்கே ஒரு மக்சிக்கும் அவருடைய பேரக்குழந்தையும் இருக்கிறார்கள். இதை முன்பே போய்ப் பேசிவிட்டோம். குழந்தை தூங்கும் பிற்பகல் நேரத்தில் இயந்திரம் ஓடாது. இரவு எட்டு மணிக்கு மேல் கைக்கருவி மட்டும். அவர் துணி காயப்போடும் நாளில் உப்புத்தாள் வேலை இல்லை. இந்த ஏற்பாட்டால் எங்களுக்கு நட்டம் ஒன்றும் ஏற்படவில்லை. இழைப்புளியைக் கையால் தள்ளப் பழகியதே இதனால்தான்.

வேலை மேசைக்கு வருவோம். அதன் உயரத்தை நூலில் தேட வேண்டாம். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டின் எலும்பு எங்கே நிற்கிறதோ அதுவே கைவேலைக்கு ஏற்ற உயரம். எங்களுக்கு 86 சென்டிமீட்டர் வந்தது. கால்களுக்கு, இடித்த பழைய பலகை வீடு ஒன்றின் கெம்பாஸ் உத்திரங்கள் கிடைத்தன. பழைய மரம் நன்றாகக் காய்ந்திருக்கும், முறுக்காது. ஆனால் அதற்குள் ஒடிந்த ஆணி இருக்கும். காந்தத்தை நூலில் கட்டி மரத்தின்மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பார்த்து ஒன்பது ஆணிகளை எடுத்தோம். பத்தாவது ஆணியை ரம்பம் கண்டுபிடித்தது. கெம்பாஸ் எவ்வளவு கனமாக இருந்தாலும் கறையானுக்குத் தாங்காது. அதனால் ஒவ்வொரு காலின் அடியிலும் செங்கால் மரத்துண்டு ஒன்றைப் பொருத்தினோம். பெயரைக் கேட்டுச் செங்கல் என்று எண்ணிவிட வேண்டாம். தீபகற்ப மலேசியாவின் காடுகளில் வளரும் உயர்ந்த வைரமரம் அது. பழங்காலப் பாலங்களுக்கும் படகுகளுக்கும் அதைத்தான் தேடுவார்கள்.

மேசையின் மேற்பலகைக்கு நாங்கள் ரப்பர் மரத்தைத் தேர்ந்தபோது ஆசாரித் தாத்தா சிரித்துவிட்டார்.

"பால் மரத்தை எவனாவது இழைப்பானா? அது அடுப்புக்கு ஆகிற மரம்."

அவர் சிரித்ததில் தவறில்லை. 1877இல் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்ததிலிருந்து நூறாண்டுக் காலம் இந்த மரத்தைப் பாலுக்காகவே வளர்த்தார்கள். நம்மவர் விடியலுக்கு முன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, அதன் பட்டையைச் சீவினார்கள். இருபத்தைந்து முப்பது ஆண்டில் பால் குறைந்ததும் வெட்டி எரித்தார்கள். லயத்து அடுப்பில் எரிந்தது அதுதான். ரப்பர்த் தாள் உலர்த்தும் புகைக்கொட்டகையில் எரிந்ததும் அதுதான். பலகையாக அறுத்தால் சில நாளிலேயே நீலம் பாரிக்கும். சில மாதத்தில் வண்டு துளைத்து மாவாக்கிவிடும். மரத்துக்குள் மாவுச்சத்து மிகுதியாக இருப்பதே காரணம். அறுத்த உடனே போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தோடு உள்ளே செலுத்தி, சூளையில் உலர்த்தும் முறை பரவிய பிறகு, 1980களில் இந்த மரம் பெரிய ஏற்றுமதிப் பொருளாக மாறியது. மூவாரின் தளவாடத் தொழில் இதனை நம்பி வளர்ந்தது. காட்டு மரத்தை வெட்டாமல், தன் ஆயுள் வேலையை முடித்த மரத்தையே பயன்படுத்துகிறோம் என்பது இதில் இன்னொரு நன்மை.

ஆனால் எங்களுக்கு நேர்ந்த ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். போரான் உப்பு நீரில் கரையக்கூடியது. வெள்ளத்தில் ஊறிய பழைய ரப்பர்ப் பலகைகள் பார்ப்பதற்கு நன்றாயிருந்ததால் எடுத்து வைத்திருந்தோம். ஆறு மாதத்தில் அவற்றின் கீழே மைதா மாவுபோல் மெல்லிய தூள் கொட்டத் தொடங்கியது. ஊசித்துளைகள். மருந்து நீரோடு போய்விட்டது, வண்டு வந்துவிட்டது. அவற்றை எரித்துவிட்டுப் புதுப் பலகை வாங்கினோம். வெள்ளத்தில் நனைந்த ரப்பர் மரச் சாமான் உங்கள் வீட்டில் இருந்தால், அதன் அடியைச் சில மாதங்களுக்கு ஒருமுறை குனிந்து பாருங்கள்.

புதுப் பலகையைத் தாத்தா கையால் தடவிப் பார்த்தார். இழைப்புளியை வாங்கி ஒரு தள்ளுத் தள்ளினார். நீளமான சுருள் ஒன்று எழுந்து அவர் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது. சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. "இத்தனை காலமும் இதையா அடுப்பில் வைத்தோம்!" என்றார்.

மேற்பலகையைக் கால்களோடு இணைக்கும்போது திருகாணிக்கு வட்டத் துளை போடாமல் நீள்துளை போட வேண்டும். மரம் ஈரத்தை வாங்கி அகலும், விட்டுச் சுருங்கும். அதுவும் அகலவாட்டில்தான், நீளவாட்டில் மிகச் சிறிதே. திறந்த சாய்ப்பில் இருக்கும் மரத்தில் ஏறக்குறைய 15 விழுக்காடு ஈரம் இருக்கும். அதே பலகையில் மேசை செய்து குளிர்சாதன அறைக்குள் வைத்தால் ஈரம் 11, 12 விழுக்காட்டுக்கு இறங்கும். 60 சென்டிமீட்டர் அகலப் பலகை அப்போது சில மில்லிமீட்டர் சுருங்கிவிடும். நான்கு பக்கமும் இறுக்கி ஆணி அடித்திருந்தால் நள்ளிரவில் வெடிக்கும் ஓசை கேட்கும். வீட்டில் பேய் என்று சிலர் பயந்ததும் உண்டு.

இவ்வளவும் ஆக ஓராண்டு சென்றது. ஆனால் பட்டறை முடிந்துவிட்டதா என்றால், இல்லை. மேசை வந்ததும் நாங்கள் வேலையில் இறங்கிவிட்டோம். மக்சிக்குச் செருப்பு அடுக்கு, கோயிலுக்குப் பலகை, உறவினருக்குக் கட்டில். சுவரில் பாதிக்கு வெள்ளையடித்திருந்தோம். உளிகள் பிஸ்கட் தகரத்தில் கிடந்தன. ஒரு விளக்குத் தற்காலிகமாகத் தொங்கியது. தற்காலிகமாகவே பத்து மாதம் தொங்கியது. பட்டறை வைத்திருக்கும் எல்லாருக்கும் வரும் நோய் இது. வேலை செய்ய முடிகிற நிலை வந்ததும் முடிப்பதை நிறுத்திவிடுகிறோம்.

தம்பிதான் இதற்கு வழி சொன்னான். கட்ட வேண்டாம் என்று முதலில் சொன்னவனும் அவனே. மீதியிருந்தவற்றை ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டினான். பதினொரு வேலைகள். அவை முடியும்வரை வெளியாருக்கு எதுவும் செய்வதில்லை என்று கட்டுப்பாடு. சனிக்கிழமைக்கு ஒன்று. சுவர் முழுக்க வெள்ளை. வெளிச்சம் இரட்டிப்பானதுபோல் இருந்தது. விளக்கு, மேசைக்கு நேர் மேலே ஒன்று, சற்று முன்னால் ஒன்று, நம் தலையின் நிழல் கோட்டின்மேல் விழாதபடி. தொங்கும் கம்பிகளுக்குக் குழாய். கதவுக்குத் தாழ். இவையெல்லாம் தனித்தனியே பார்த்தால் அற்பமான வேலைகள்.

இவற்றில் ஒன்றை மட்டும் சற்று விரித்துச் சொல்கிறோம். கைக்கருவிகளைச் சுவர்முழுக்கப் பரப்பி மாட்டுவது பார்வைக்கு அழகு. நாங்கள் அப்படிச் செய்யவில்லை. மூன்று ஆழமில்லாத பெட்டிகள் செய்தோம். ஒவ்வொன்றும் ஒருவர் தூக்கக்கூடிய கனம். சுவரில் ஒரு சட்டத்தை மேல்விளிம்பு சாய்வாக இருக்கும்படி அறுத்துப் பதித்து, பெட்டியின் முதுகில் அதற்கு எதிர்ச்சாய்வான சட்டத்தை வைத்தோம். மேலே ஒரு தூக்குத் தூக்கினால் பெட்டி கையோடு வந்துவிடும், திருப்புளி வேண்டியதில்லை. துளையிடும் இயந்திரம் சக்கரம் வைத்த அலமாரியில் நிற்கிறது. அதன் மோட்டாரைப் பிடித்திருப்பவை நான்கு மரைகள்தான், அவற்றுக்குரிய சாவி அங்கேயே தொங்குகிறது. சேற்றுக் கோட்டுக்குக் கீழே இருக்கிற எதுவும் நனைந்தாலும் பிழைக்கக்கூடியதாக இருக்க வேண்டும், அல்லது உடனே மாடிக்குத் தூக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கோட்டை அழிக்காமல் வைத்திருப்பது இதற்காகத்தான்.

வடிகால் நீர்ப்பாசனத் துறை ஆற்று நீர்மட்டங்களைப் பொதுமக்களுக்கு வெளியிடுகிறது. மழை விடாமல் பெய்தால் அதைப் பார்க்கிறோம். ஒருநாள் வேண்டுமென்றே கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்தோம். முதல்முறை 26 நிமிடம் ஆயிற்று. மாடிப்படியில் கிடந்த செருப்புகளும் பூத்தொட்டியும் தடுத்தன. அவற்றை அகற்றியபின் 14 நிமிடம். தாத்தா நாற்காலியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைக் கண்ணருகே வைத்து நிமிடம் சொன்னார். அவருக்கு இதில் பெரும் மகிழ்ச்சி.

பதினொரு வேலைகளில் பத்து முடிந்துவிட்டன. மிச்சம் இருப்பது உளிப் பெட்டிக்கு மூடி. பழைய பெட்டியிலிருந்து நல்லதாக ஒரே ஒரு மெராந்திப் பலகை தேறியது. அதை அந்த மூடிக்கென்று ஒதுக்கியிருக்கிறோம். நாங்கள் அளவெடுக்கப் போனபோது தாத்தா தடுத்துவிட்டார்.

"அதை விடு தம்பி. அது என் வேலை. பகல் வெளிச்சம் நன்றாக இருக்கிற நாளாகப் பார்த்துச் செய்கிறேன்."

பலகை இழைத்து, மேசைமேல் தயாராக இருக்கிறது.